வலது கீழ் மூலையில் ஒரு கறை

“ஆடி இரண்டாம் வெள்ளி. பல்லாவரம் சந்தை. அட்டை இல்லை, முதல் தாள்கள் இல்லை. எல்லாப் பக்கங்களிலும் வலது கீழ் மூலையில் கறை. ஈரம் குடித்த புத்தகம். விற்றவன் பிரித்துக் காட்டும்போது கட்டைவிரலால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டான். பூச்சியும் இருக்கிறது. வெயிலில் வைக்க வேண்டும்.”

ஒரு பழைய நாவலின் கடைசித் தாளில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. எப்போது வாங்கினேன், எங்கே வாங்கினேன், என்ன நிலையில் வாங்கினேன் என்று என்னிடம் வரும் எல்லாப் புத்தகங்களிலும் எழுதிவைப்பேன். இந்தக் குறிப்பில் நாளும் இடமும் சரி, அட்டையும் முதல் தாள்களும் இல்லாததும் சரி. மற்றவை தவறு. புத்தகத்தில் கறை இல்லை, பூச்சி இல்லை. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. கறை என் இடது கண்ணுக்குள் இருந்தது.

எனக்குப் படிக்கிற கண் ஒன்றுதான். வலது கண் சிறு வயதிலிருந்தே சோம்பேறிக் கண். திட்டவில்லை, மருத்துவர்களே அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். உரிய வயதில் கண்ணாடி போட்டுப் பழக்காததால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டது. அந்தக் கண்ணுக்குப் பேருந்து வருவது தெரியும், எண் தெரியாது. ஆள் வருவது தெரியும், யாரென்று குரல் கேட்டபிறகுதான் தெரியும். இதுவரை நான் படித்ததையெல்லாம் இடது கண் தனியாகத்தான் படித்தது.

படித்தது கொஞ்சமில்லை. பொழிச்சலூரில் வீடு. மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ஏழாம் வகுப்பில் மகள் யாழினி, முதல் வகுப்பில் மகன் கதிர். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள், மின்ரயில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் போவதற்குள், கதிரின் பள்ளி வேன் திரும்புவதற்குள் என்று துண்டு துண்டாகத்தான் படித்திருக்கிறேன். ‘நிதானமாக வாசியுங்கள், நூலின் மௌனத்தோடு சற்று நேரம் இருங்கள்’ என்கிற வகையில் முன்னுரை எழுதுகிறார்களே, அந்த ஆண்களுக்கு வீட்டில் யார் சோறு வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆசை.

புத்தகத்தின்மேல் பழி போட்டதற்கும் என்னிடம் ஆதாரம் இருந்தது. எங்கள் பகுதியில் எந்த ஏரிக்கரை எப்போது சாலையானது, எந்தத் தெருவில் வெள்ளம் எத்தனையாவது படிவரை வந்தது என்று குறித்து வைப்பவள் நான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளிலிருந்து வெளியேறிய புத்தகங்கள் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தன. கீழ் மூலையில் கறை, பிரித்தால் சேற்று வாடை. பலவற்றை வாங்கியிருக்கிறேன். ஆகவே ஒரு பக்கத்தின் மூலை இருண்டு தெரிந்தால் அதற்கான வரலாறு என்னிடம் தயாராக இருந்தது. வரலாறு தெரியாத ஒருத்தி அன்றே கண்ணைக் கசக்கிப் பார்த்திருப்பாள்.

நான் மொட்டை மாடியில் பழைய புடவையை விரித்து, புத்தகத்தைப் பிரித்துக் கவிழ்த்து, நான்கு பக்கமும் வேப்பிலை போட்டுக் காயவைத்தேன். என் கணவர் செல்வம் மேலே வந்தார். பல்லாவரத்தில் ஒரு தோல்பை ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்தவரில்லை.

“இன்னா வசந்தி, வடகமா?”

“புத்தகம். பூச்சி வெச்சிருக்கு.”

ஒரு புரட்டுப் புரட்டினார். “எங்க பூச்சி?”

“கறுப்பா ஓடுது பாருங்க.”

“ஒண்ணும் ஓடலியே. வடகம் போட்டிருந்தாலாவது துன்னலாம்” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

தோலில் ஊசிமுனைத் துளையைக்கூட விடாத மனிதர் பூச்சி இல்லை என்கிறார். நான் நம்பவில்லை. புத்தகத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இரண்டு நாள் வெயிலில் புத்தகம் நன்றாகக் காய்ந்தது. உள்ளே என் விழித்திரை உரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் செலையூரில் யாழினியின் கணக்கு டியூஷன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றிருந்தேன். அவள் வெளியே வந்ததும் பையிலிருந்து புது அறிவியல் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். பிரித்தேன். கால் பக்கத்துக்கு மேல் இருட்டு.

“இதுக்கா இவ்ளோ காசு? அச்சடிக்கத் தெரியல. பக்கம் கருப்பாப் போயிருக்கு பாரு.”

“எங்கம்மா கருப்பு?”

“இதோ.” விரலை வைத்தேன்.

“அம்மா, அங்க தவள இருக்கு.”

“தவளையா?”

“தவளையோட ஹார்ட். மூணு அறை. கலர்ல போட்டிருக்கான்.”

வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். தவளை இல்லை. தலையைத் தூக்கினேன். டியூஷன் வீட்டு கேட்டின் ஒரு மூலை இல்லை. யாழினியின் ஒரு கால் இல்லை. அதுவரை நான் அந்தக் கறையைப் பக்கங்களில் மட்டுமே தேடியிருந்தேன் என்பது அங்கே புரிந்தது.

பக்கத்திலிருந்த கண்ணாடிக் கடைக்காரர் ஏதோ விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுக் கருவியை அணைத்தார். “இது என் வேலை இல்ல மேடம். இன்னிக்கே ரெட்டினா டாக்டர்கிட்ட போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க.”

செல்வமும் நானும் போனோம். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். தெற்குப் புறநகரில் இருக்கிறது, கூட்டத்துக்குக் குறைவில்லை. காத்திருப்போர் கூடம் என்று பலகை போட்ட அறையில் எல்லோருக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். கண்மணியை விரித்து, உள்ளே பார்க்க வழி செய்யும் மருந்து. விட்டதும் எரியும், பிறகு வெளிச்சம் குத்தும். கண்ணை மூடிக்கொண்டே இருக்க வேண்டும். வரிசை வரிசையாக மூடிய கண்களோடு மனிதர்கள். நடுவில் ஒரு பணியாளர் சத்தம் போட்டுக்கொண்டே நடந்தார்.

“கண்ண மூடு, கண்ண மூடு! யாருப்பா அது போன் பாக்குறது? பெர்சு, உன்னத்தான்.”

“கிரிக்கெட்டு ஸ்கோரு மட்டும்பா” என்றது ஒரு கிழவரின் குரல்.

“கண்ணு போனப்புறம் இன்னா ஸ்கோரு?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் புத்தகம் இல்லாமல், கண்ணும் இல்லாமல் காத்திருப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் காத்திருக்கும் வேளைகளில் பொறுமையாக இருப்பதாக என்னைப் பற்றி நினைத்திருந்தேன். இல்லை, வெறுமனே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருத்துவர் இளம் பெண். விளக்கும் வில்லையும் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் வட்டம் வரைந்தார். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கண்ணின் உட்சுவரில், சுவரில் ஒட்டிய காகிதம்போல ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. விழித்திரை என்பது அதுதான், ஒளி விழும் இடம். கிட்டப்பார்வை அதிகமுள்ள கண் சற்று நீண்டு போயிருக்கும், படலம் இழுபட்டு மெலிந்திருக்கும். எனக்கு அது மேலே இடது ஓரத்தில் கிழிந்துவிட்டது. கிழியும்போது சிந்திய ரத்தத் துளிகள்தான் நான் கண்ட பூச்சிகள். கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் பின்னால் புகுந்து காகிதத்தை உரித்துக்கொண்டே வருகிறது. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் மேலே இடதில் உரிந்தது எனக்குக் கீழே வலதில் கறையாகத் தெரிந்தது.

“எப்ப முதல்ல கவனிச்சீங்க?”

“ஆடி ரெண்டாம் வெள்ளி. சாயங்காலம்.”

நிமிர்ந்து பார்த்தார். “இவ்ளோ கரெக்டா யாருமே சொல்ல மாட்டாங்க. எப்படி ஞாபகம்?”

“எழுதி வெச்சிருக்கேன்.”

“எழுதி வெச்சுட்டு இத்தனை நாள் என்ன பண்ணீங்க?”

செல்வம்தான் சொன்னார். “புஸ்தகத்த மாடில காய வெச்சா டாக்டர்.”

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர் அடக்கவில்லை. மறுநாளுக்குள் அந்தக் கதை மருத்துவமனை முழுக்கச் சுற்றிவிட்டது. ரத்தம் எடுக்க வந்த பெண் என் கையைத் தட்டிக்கொண்டே கேட்டாள், “வேப்பிலை போட்ட மேடம் நீங்கதானா?”

நான் கேட்டது ஒன்றுதான். “படிக்க முடியுமா?”

தாளில் வரைந்த வட்டத்தின் நடுவில் அவர் ஒரு புள்ளி வைத்தார். மற்ற இடமெல்லாம் சுவர், கதவு, ஆள் அடையாளம் பார்க்க. எழுத்தைப் பார்ப்பது அந்தப் புள்ளி மட்டும்தான். நீர் அதன் விளிம்பைத் தூக்கிவிட்டிருந்தது. “ஒட்ட வெச்சுடலாம். படிப்பீங்களான்னு இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா பொய்” என்றார்.

அந்த மருத்துவமனையில் எனக்குக் கோபம் வராத ஒரே வாக்கியம் அது.

நோயைப் பற்றிய புத்தகங்கள் மேல் எனக்கு இப்போது இருக்கும் கோபத்தைச் சொல்லியாக வேண்டும். நிறையப் படித்திருக்கிறேன், அடிக்கோடு போட்டும் படித்திருக்கிறேன். அவற்றில் நோயாளி முதல் அத்தியாயத்தில் திடுக்கிடுகிறார், நடு அத்தியாயத்தில் தன்னை அறிகிறார், கடைசியில் மருத்துவமனை ஜன்னலோரம் ஒரு குருவியைப் பார்த்து வாழ்க்கையை மன்னிக்கிறார். எனக்கு ஜன்னல் பக்கம் படுக்கை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் குருவி தெரிந்திருக்காது. பயம் என்னைத் தெளிவாக்கவில்லை, சில்லறைத்தனமாக்கியது. அறுவைக்கு அழைத்துப் போகும்போது நான் நினைத்தது மரணத்தையோ பிள்ளைகளையோ இல்லை. அலமாரியில் பாதி படித்து வைத்த புத்தகங்களை வரிசையாக நினைத்தேன். அவற்றை முழுதாகப் படித்த எல்லோர் மேலும் பொறாமைப்பட்டேன்.

பார்வையற்றவர்களை வைத்துக் கதை எழுதுபவர்கள் இன்னும் மோசம். அவர்கள் கதையில் கண் போனவருக்கு உடனே அகக்கண் திறக்கிறது. மழை வருமுன் மணம் தெரிகிறது, பொய் சொல்பவரின் மூச்சு தெரிகிறது. என் மூக்கு பழைய மூக்காகவே இருந்தது. செல்வம் என்னிடம் சொன்ன பொய்கள் பலவற்றை நான் கண்டுபிடிக்கவே இல்லை.

அறுவை சிகிச்சையில் மயக்கம் தரமாட்டார்கள். கண்ணுக்குக் கீழே ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். நினைவு இருக்கும். முகத்தின்மேல் துணி, எங்கோ ஒரு வெளிச்சம், அதில் நீரில் அசையும் நிழல்போல ஏதோ. கண்ணுக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இருக்கும் கூழை உறிஞ்சி எடுத்து, உரிந்த படலத்தைப் பின்சுவரில் படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டு ஒட்டுகிறார்கள். பிறகு ஒட்டியது காயும்வரை அழுத்திப் பிடிக்க ஒரு வாயுக் குமிழியை உள்ளே விடுகிறார்கள். ஒட்டியது கண்ணின் பின்புறம், குமிழியோ மேல்நோக்கித்தான் போகும். எனவே நோயாளி தரையைப் பார்த்தபடியே கிடக்க வேண்டும். உட்கார்ந்தாலும் தரை, நடந்தாலும் தரை, சாப்பிட்டாலும் தரை.

“குமிழி கரையுற வரைக்கும் ஃபிளைட்ல மட்டும் ஏறக்கூடாது. கண்ணுல பிரஷர் ஏறிடும்” என்றார் மருத்துவர். எங்கள் மொட்டை மாடிக்கு மேலே எந்நேரமும் விமானம் இறங்குகிறது. நான் ஒருமுறையும் ஏறியதில்லை. சிகிச்சையில் நான் முழுமையாகக் கடைப்பிடித்த கட்டளை அது ஒன்றுதான்.

கண்ணின் உள்ளழுத்தம் குறையாமல் வாந்தி வந்ததால் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. திரைபோட்டுப் பிரித்த கூடத்தில் பக்கத்துக் கட்டிலில் கஸ்தூரி அக்கா கவிழ்ந்து கிடந்தார். பம்மலில் இட்லிக் கடை வைத்திருப்பவர். அவருக்கும் இதே அறுவை. முகத்தை நான் பார்க்கவே இல்லை. அவர் செருப்பைத் தெரியும், குரலைத் தெரியும்.

எங்கள் வாசகர் வட்டத்து நண்பர்கள் பார்க்க வந்தார்கள். மருத்துவமனைக்கு மற்றவர்கள் பழம் கொண்டுவருவார்கள், பிரெட் கொண்டுவருவார்கள். இவர்கள் ஒருவர் தவறாமல் புத்தகம் கொண்டுவந்தார்கள், கண் கட்டிக் கவிழ்ந்து கிடப்பவளுக்கு! ‘நம்பிக்கையால் வெல்லலாம்’ வகையில் ஒன்று. நோயை வென்ற ஒருவரின் தன்வரலாறு ஒன்று. பார்வையற்ற பாடகரின் அகக்கண் பற்றிய நாவல் ஒன்று. கொடுத்தவர், “உங்களுக்கு இது இப்ப ரொம்பப் பொருத்தமா இருக்கும்” என்று மெல்லிய குரலில் சொன்னார். போகிற வழியில் இன்னொருவர், “எல்லாம் படிச்சுப் படிச்சு வந்தது, பாவம்” என்றதும் காதில் விழுந்தது. படிப்பதால் விழித்திரை கிழியாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதைக் கவிழ்ந்தபடியே உரக்கச் சொன்னேன். தரை கேட்டுக்கொண்டது.

வாசகர்கள் போனபிறகு செல்வம் புத்தகங்களைக் கட்டிலில் அடுக்கினார். “நீ கேக்கறியா? நான் படிக்கறேன்” என்றார். நான் திகைத்தேன். “ஆபீஸ்ல லீவு போட்டுட்டு உன் முதுகையே எவ்ளோ நேரம் பாத்துகினு உக்கார்றது?”

வந்தவை வேண்டாம், வீட்டிலிருந்து என் இருபது வயதில் என்னை அழவைத்த நாவலைக் கொண்டுவாருங்கள் என்றேன். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். எழுதியவர் இனி அதைத் திருத்த முடியாது. ஆற்றங்கரை, விளக்கேற்றும் நேரம், போனவனுக்காகக் காத்திருக்கும் பெண். செல்வம் சரக்கு வந்த பட்டியலை வாசிக்கும் குரலில் வாசித்தார். சூரியன் இறங்கத் தொடங்கியது. பத்தி முடிந்தது, அடுத்த பத்தியிலும் சூரியன். பக்கத்தைத் திருப்பினார்.

“இன்னாடி இது, இவன் சூரியன எறக்கவே மாட்றான்?”

“படிங்க.”

திரைக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது. “ஏம்ப்பா தம்பி, அந்தப் பொண்ணு வேலைக்கு இன்னா பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணலக்கா. ஆத்தங்கரைல நின்னுகினு கீது.”

“அப்ப சோத்துக்கு?”

“அத எழுதலக்கா.”

“அவன் எப்ப போனான்?”

“ஏழு வருசம் ஆச்சுன்னு போட்டிருக்கான்.”

“ஏழு வருசமாவா நிக்கிது? கால் நோவாதா?”

எனக்குக் கோபம் தாங்கவில்லை. அது வெறும் காத்திருப்பு இல்லை அக்கா, அது ஒரு மனநிலை என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க எனக்கே கேட்டது. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை இல்லை, டியூஷன் இல்லை, மாதக் கடைசி இல்லை. அவளை நிற்கவைக்க எழுதியவர் அவளிடமிருந்து எல்லா வேலைகளையும் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். இருபது வயதில் எனக்கும் வேலை இல்லை, அதனால் அழுதிருக்கிறேன்.

இதனால் கஸ்தூரி அக்காவைப் பெரிய விமர்சகர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மறுநாள் அகக்கண் பாடகரின் நாவலைக் கேட்டு அவர் தேம்பித் தேம்பி அழுதார். அழக்கூடாது, கண்ணில் அழுத்தம் ஏறும் என்று நர்ஸ் ஓடிவந்து செல்வத்தைத் திட்டினார். “இன்னா சார் படிக்கிறீங்க? பேஷன்ட்ட அழவெச்சிகினு?” புத்தகத்தை வாங்கி நர்ஸ் மேசையில் வைத்துவிட்டார். பிறகு அந்தப் புத்தகத்தை அவர் படித்துக்கொண்டிருந்ததாகச் செல்வம் சொன்னார்.

ஆற்றங்கரை நாவல் தொடர்ந்தது. ஓரிடத்தில் பெண் விளக்கை ஏற்றினாள். அடுத்த வாக்கியத்தில் விடிந்திருந்தது. எனக்கு அந்த அத்தியாயம் மனப்பாடம்.

“மூணு பக்கம் தாண்டிட்டீங்க.”

“இல்லியே.”

“தாள் சத்தம் சேர்ந்தாப்பல வந்துச்சு.”

“ஃபேன் காத்து.”

“அவ நட்சத்திரத்தோட பேசுற இடம் எங்க?”

“அது அவளும் நட்சத்திரமும் தனியா பேசிக்கிறது. நமக்கு எதுக்கு?”

கஸ்தூரி அக்கா சிரித்துச் சிரித்து இருமினார். நான் சண்டை போட்டேன். செல்வம் புத்தகத்தை மூடினார். “தோலுல சுருக்கம் கீற எடத்த வெட்டிப் போட்டுட்டுத்தான் பை தைப்போம். முழுத் தோலையும் தெச்சா எவன் வாங்குவான்?” என்றார். எழுதியவர் இரவும் பகலும் பாடுபட்டு எழுதிய பக்கங்கள் அவை என்று சொன்னேன். தாண்டிய கதை தாண்டாத கதையைவிட நன்றாக இருந்தது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

வெயிலில் காய்ந்த நாவலையும் வாசித்து முடித்தார். சுமார். அதற்காக அவ்வளவு வேப்பிலை வீணாயிற்று. கடைசித் தாளில் நான் எழுதியதை அடித்துவிடச் சொன்னபோது மட்டும் மறுத்தார். “சந்தைல அந்த ஆள இனிமே திட்டாம இருக்கியான்னு பாக்கணும்ல? இருக்கட்டும்” என்றார்.

காப்பீட்டு நிறுவனம் முதலில் மறுத்தது. கிட்டப்பார்வை முன்பே இருந்த நோய், அதன் விளைவுக்குத் தரமாட்டோம் என்றது. செல்வம் கீழ்த்தளத்துக் கவுன்ட்டருக்கும் என் கட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில், “எல்லாக் கண்ணும் பொறக்கறப்பவே இருந்த கண்ணுதான சார்?” என்று தொலைபேசியில் அவர் கத்தியது மாடிப்படி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு பாதிக்கு மேல் தந்தார்கள். மீதிக்கு என் வளையல் அடகுக்குப் போனது. இதைப் பற்றி நான் படித்த எந்த நோய்ப் புத்தகத்திலும் ஒரு பத்திகூட இல்லை. அவர்களுக்கெல்லாம் யார் கட்டினார்களோ.

வீட்டுக்கு வந்தபிறகும் தரைதான். நாற்காலியில் உட்கார்ந்து எதிரே மேசையில் தலையணை போட்டு நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருப்பேன். செல்வம் வளையும் ஸ்ட்ரா வாங்கிவந்தார், காபி அதில்தான். உதவிக்கு வந்திருந்த மாமியார் சமையலைப் பார்த்துக்கொண்டார். கதிர் ஒரு வழி கண்டுபிடித்தான். தரையில் மல்லாந்து படுத்து நாற்காலிக்கு அடியில் நகர்ந்து வந்து என் முகத்துக்கு நேராகச் சிரிப்பான். வலது கண்ணுக்கு அது ஒரு பழுப்பு வட்டம், அதில் ஒரு வெள்ளைக் கோடு. யாழினி அதே வழியில் வந்தாள், கையில் டைரியோடு.

“அம்மா, சைன்.”

“எதுக்கு?”

“சும்மா. பீரியட் டெஸ்ட்.”

“எவ்ளோ மார்க்?”

“உனக்குத் தெரியாதுல்ல? சைன் பண்ணு.”

“கணக்கா?”

“அம்மா, மிஸ் காத்துகிட்டு இருப்பாங்க.”

“ராத்திரி ஏழு மணிக்கா?”

கீழே சிரிப்பு. கையெழுத்துப் போட்டேன். அவளுடைய மதிப்பெண்ணைச் செல்வத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவளிடம் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு இரவில் வாசித்துக் காட்டினால் மதிப்பெண் உயரும் என்று சொல்லும் குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன. அவற்றை வாசித்துக் காட்டும்போதெல்லாம் முதலில் தூங்கியவள் நான்.

குமிழி கரையக் கரைய அதன் விளிம்பு இடது கண்ணுக்குள் கொத்தனாரின் ரசமட்டம்போலத் தெரிந்தது. தலையை அசைத்தால் அதுவும் ஆடும். அதற்கு மேலே ஒரு கீற்று உலகம் வந்தது. முதலில் மின்விசிறி, பிறகு அலமாரியின் மேல்தட்டு, பிறகு செல்வத்தின் வழுக்கை. ஒரு நாள் காலை குமிழி கடுகளவாகி, பல் துலக்கி நிமிர்வதற்குள் காணாமல் போனது. கறை இல்லை. நான்கு மூலைகளும் இருந்தன. நான் நேராக அலமாரிக்குப் போய்க் கையில் பட்ட ஒரு புத்தகத்தைப் பிரித்தேன்.

வரிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வரியும் நடுவில் தொய்ந்து, ஈரத்துணி போட்ட கொடிபோல வளைந்திருந்தது. வளைவின் அடியில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. ‘அ’ என்று நினைத்தது ‘ஆ’வாக இருந்தது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் கதிரின் வேன் வந்துவிட்டது.

மருத்துவர் மறுபடி சொட்டு விட்டு, மறுபடி பார்த்தார். படலம் நன்றாக ஒட்டியிருக்கிறது, அறுவை வெற்றி என்றார். நடுப்புள்ளி ஒருமுறை தூக்கி இறங்கியதால் அதில் சுருக்கம் இருக்கிறது.

“நிமிருமா?”

“சிலருக்கு மாசக்கணக்குல மெதுவா நேராகும். சிலருக்கு அப்படியே நின்னுடும். மூளை பழகிக்கும்.”

“எனக்கு?”

“ஆறு மாசம் கழிச்சு கேளுங்க.”

செல்வம் வெளியே வந்ததும் சொன்னார், “சுருக்கம் கீற எடத்த வெட்டிடலாமான்னு கேட்டிருக்கலாம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோயில் தெருவில் வண்டியை நிறுத்தி, எதுவும் கேட்காமல் எனக்கு ஒரு பால்கோவாப் பொட்டலம் வாங்கித் தந்தார். வண்டியில் உட்கார்ந்தபடியே தின்று தீர்த்தேன்.

வாசகர் வட்ட இதழுக்கு ‘என்னைச் செதுக்கிய நூல்கள்’ என்ற தலைப்பில் எழுதும்படி கேட்டிருந்தார்கள். எந்த நூலும் என்னைச் செதுக்கவில்லை. நான் அவற்றைச் சமையலறையிலும் ரயிலிலும் கையில் கிடைத்த நேரத்தில் விழுங்கினேன், அவ்வளவுதான். இப்போது அது முடியவில்லை. யாராவது ‘நோய் எனக்கு ஒரு பரிசு’ என்று எழுதிய புத்தகத்தை மறுபடி கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு வேண்டியது பரிசு இல்லை. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் நாலு பக்கம் வேண்டும்.

ஆறு மாதம் இன்னும் ஆகவில்லை. வரிகள் வளைந்தே இருக்கின்றன. முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக வளைகின்றனவா, இல்லை எனக்குப் பழகிவிட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே இதை நான் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்லச் செல்வம் மடிக்கணினியில் அடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில். அவர் அடிப்பது இரண்டு விரலால், சத்தம் பலமாகக் கேட்கும். இரண்டு இடங்களில் நான் பேசிய நேரத்துக்கு விசைகளின் சத்தம் வரவில்லை. ஓரிடத்தில் நான் பேசாதபோதும் வந்தது. கேட்டால், “நீ சொன்னதத்தான் அடிச்சேன்” என்கிறார். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார், அதுவும் வளைந்தது. நான் சொன்னது என்ன என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். மேலே இருப்பது அதுதானா என்பது, இதை அச்சுக்கு அனுப்பும் இன்றுவரை, என்னால் சரிபார்க்கப்படாத தகவல்.